பக்கத்துத் திடலில் தாதிமை இல்லம் வருதாம்: மனுவில் கையெழுத்துப் போடலாமா?

செல்வி (சுவா சூ காங், சிங்கப்பூர்) கேட்டது:

வணக்கம். நாங்கள் கியட் ஹோங் பக்கம், அரசிடம் முன்பதிவு செய்து வாங்கிய பிடிஓ வீடு. எங்கள் புளோக்குக்கும் எல்ஆர்டி எனும் இலகு ரயில் பாதைக்கும் நடுவில் ஒரு புல்தரை இருக்கிறது. சாயங்காலம் பிள்ளைகள் பட்டம் விடுவார்கள், தீபாவளிக்கு மத்தாப்பு கொளுத்துவோம். அங்கே போன வாரம் துளை போடும் இயந்திரம் ஒன்று வந்து நின்றது. மண்ணை எடுத்துப் பார்க்கிறார்களாம். மறுநாளே புளோக் வாட்ஸ்அப் குழுவில் செய்தி ஓடுகிறது: எட்டு மாடித் தாதிமை இல்லம் (நர்சிங் ஹோம்) வருது. யார் சொன்னது என்று கேட்டால் ஆளுக்கொரு பதில்.

அதற்குள் எதிர்ப்பு மனு தயார். வீட்டு விலை இறங்கிவிடும், இரவெல்லாம் ஆம்புலன்ஸ் சத்தம், பிள்ளைகளுக்கு விளையாட இடமில்லை, சன்னலைத் திறந்தால் நோயாளி முகத்தில் விழிக்க வேண்டும் என்று காரணங்கள். புளோக்கில் உள்ள தமிழ்ப் பாட்டிகளுக்குப் படித்துக் காட்ட இதைத் தமிழில் எழுதிக் கொடு என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். என் மாமியாருக்கு ஞாபக மறதி முற்றிக்கொண்டு வருகிறது. பகல் நேரத்தில் விட ஓர் இடம் கிடைக்காமல் நானும் வீட்டுக்காரரும் மாறி மாறி லீவு போட்டுக்கொண்டிருக்கிறோம். இந்த மனுவை நான் எந்த முகத்தோடு எழுத? ஆனால் புல்தரை போவதும் எனக்கு வயிற்றெரிச்சல்தான், அதை மறைக்கவில்லை.

இந்த மாதிரி கட்டடங்களை யார் பார்த்து அனுமதி கொடுக்கிறார்கள்? பக்கத்தில் இருப்பவர்களை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? எந்தக் கட்டத்தில் சொன்னால் காதில் விழும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

யீஷூன் ராஜா:

அக்கா, மெஷின் வந்துடுச்சுன்னா கதை முடிஞ்சுது. எல்லாம் மேலேயே முடிவு பண்ணிடுவாங்க, நாம பேப்பர்ல படிச்சுத் தெரிஞ்சுக்கணும். கையெழுத்துப் போட்டா ஒரு ஆறுதல், அவ்வளவுதான். எம்.பி. மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சிக்குப் போய் வரிசையில நின்னாலும் ஒரு லெட்டர் எழுதித் தருவாங்க. அதுக்கு இன்னொரு லெட்டர் பதிலா வரும்.

மணியம் (ஓய்வுபெற்ற வரைவாளர்):

ராஜா தம்பி சொல்வதில் பாதி சரி. ஆனால் மீதிப் பாதியில்தான் செல்விக்கு வேலை இருக்கிறது. நான் கட்டடக் கலைஞர் அலுவலகங்களில் வரைவாளராக இருந்து ஓய்வு பெற்றவன். அனுமதிக்கு வரைபடம் போடுவதுதான் பிழைப்பே. சுருட்டிய தாள்களை மேக்ஸ்வெல் ரோட்டுக்குத் தூக்கிக்கொண்டு அலைந்த காலமும் தெரியும், 2000களில் கோர்நெட் எனும் இணைய விண்ணப்ப முறை வந்து எல்லாம் கணினிக்குப் போனதும் தெரியும். அதனால் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வாட்ஸ்அப்பை மூடுங்கள். நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் 'யூஆர்ஏ ஸ்பேஸ்' வரைபடத்தைத் திறந்து உங்கள் அஞ்சல் குறியீட்டைத் தட்டுங்கள். தீவில் உள்ள நிலம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம் இருக்கும். அதுதான் பெருந்திட்டம். அழகுக்கு மாட்டி வைத்த படம் இல்லை, சட்டப்படி செல்லும் ஆவணம். முதல் பெருந்திட்டம் 1958ல் வந்தது. இப்போது ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மறுஆய்வு செய்கிறார்கள். 2025 ஜூனில் புதிய வரைவைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்தார்கள். நம் ஆட்களில் எத்தனை பேர் போய்ப் பார்த்தார்கள் என்று கேட்டால் சண்டைக்கு வருவீர்கள், விடுங்கள்.

உங்கள் புல்தரை என்ன நிறம் என்பதில்தான் பாதி விஷயம் அடங்கியிருக்கிறது. மஞ்சளாக இருந்தால் அது 'ஒதுக்கப்பட்ட இடம்', என்ன பயன்பாடு என்று இன்னும் தீர்மானிக்கவில்லை என்று அர்த்தம். 'சுகாதாரம், மருத்துவப் பராமரிப்பு' என்று போட்டிருந்தால், அங்கே இப்படி ஒரு கட்டடம் வரலாமா என்ற கேள்விக்கு ஏற்கெனவே பதில் சொல்லியாகிவிட்டது. அதன் பிறகு விண்ணப்பம் வரும்போது அதிகாரி பார்ப்பது வேறு: நிலத்தின் பயன்பாடு பொருந்துகிறதா, மொத்தத் தள விகிதம் மீறாமல் இருக்கிறதா, உயரம் சரியா, எல்லையிலிருந்து எவ்வளவு தள்ளிக் கட்டுகிறார்கள்.

தள விகிதம் என்பது பெரிய வித்தை இல்லை. நிலம் 4,000 சதுர மீட்டர், விகிதம் 3 என்றால் எல்லா மாடியும் சேர்த்து 12,000 சதுர மீட்டர் வரை கட்டலாம். எட்டு மாடி என்று யாரோ சொன்னது இந்தக் கணக்கைப் போட்டுச் சொன்னதா, டீ குடிக்கும்போது சொன்னதா என்று எனக்குத் தெரியாது. உங்கள் வட்டாரத்தில் டெங்கா விமானத் தளம் பக்கத்தில் இருப்பதால் உயரத்துக்கு அந்த வரம்பும் உண்டு.

வரைபடத்தில் அந்த இடத்துக்கு வேறு பயன்பாடு போட்டிருந்து, அதை மாற்றித்தான் தாதிமை இல்லம் கட்டப் போகிறார்கள் என்றால், பெருந்திட்டத்தையே திருத்த வேண்டும். அப்போது திருத்தத்தைப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பார்கள், இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்துக்குள் யார் வேண்டுமானாலும் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். 'கட்டலாமா கூடாதா' என்று கேட்க நமக்குச் சட்டம் திறந்து வைத்திருக்கும் வாசல் அதுதான். மண் துளைக்கும் இயந்திரம் வந்த பிறகு மனு எழுதுவது, பந்தியில் இலை போட்ட பிறகு சமையல்காரரை மாற்றச் சொல்வது மாதிரி.

அக்கம்பக்கத்தாரைக் கேட்க வேண்டாமா என்று கேட்டீர்கள். பொதுவாக இங்கே கேட்பதில்லை. என் மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். பக்கத்து வீட்டுக்காரர் மாடி எடுத்தால்கூட நகராட்சியிலிருந்து இவளுக்குக் கடிதம் வருகிறதாம், ஆட்சேபம் உண்டா என்று. நம் முறை அப்படி இல்லை. விண்ணப்பத்தை நிராகரித்தால் அமைச்சரிடம் மேல்முறையீடு செய்யும் உரிமை விண்ணப்பித்தவருக்குத்தான். எதிர் புளோக்கில் குடியிருப்பவருக்குக் கிடையாது. இது நல்லதா கெட்டதா என்று மணிக்கணக்கில் வாதாடலாம். என் கட்சி, நிலம் இவ்வளவு குறைவான ஊரில் ஒவ்வொரு புளோக்குக்கும் தடுக்கும் அதிகாரம் கொடுத்தால் எதுவும் நகராது. ஆனால் துளையிடும் இயந்திரத்தைப் பார்த்துத்தான் குடியிருப்பாளருக்கு விஷயம் தெரிய வேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியாது. ஒரு துண்டுத்தாளை லிஃப்ட் பக்கத்தில் ஒட்ட எவ்வளவு செலவாகும்?

இனி அனுமதி நடக்கும் விதம். விண்ணப்பம் போடுவது 'கியூபி' எனும் தகுதிபெற்ற நிபுணர், அதாவது பதிவு பெற்ற கட்டடக் கலைஞர் அல்லது பொறியாளர். ஆணையம் முதலில் தற்காலிக அனுமதி கொடுக்கும், ஆறு மாதம் செல்லும். அதற்குள் மற்றதையெல்லாம் சரிக்கட்டி எழுத்துபூர்வ அனுமதி வாங்க வேண்டும், அது இரண்டு ஆண்டு. நடுவில் திருத்தம் கேட்டு 'ரிட்டன் டைரக்‌ஷன்' எனும் ஓலை வரும். எங்கள் அலுவலகத்தில் 'டபிள்யூ.டி. வந்திடுச்சு' என்றாலே அன்றைக்கு வீட்டுக்கு நேரத்தோடு போக முடியாது என்று தெரிந்துவிடும்.

ஆணையம் ஒன்றே எல்லாவற்றையும் பார்ப்பதில்லை. வண்டி நுழைவது, போக்குவரத்து நெரிசல் எல்லாம் நிலப் போக்குவரத்து ஆணையம். தீயணைப்பு வண்டி எங்கே நிற்கும், படுத்த நோயாளியை எப்படி இறக்குவது என்பது குடிமைத் தற்காப்புப் படை. சாக்கடை, வெள்ள மட்டம் பொதுப் பயனீட்டுக் கழகம். மரங்களும் ஓரத்துப் பசுமைப் பட்டையும் தேசியப் பூங்காக் கழகம். கட்டடத்தின் உறுதியும் சக்கர நாற்காலி வசதியும் கட்டட, கட்டுமான ஆணையம். முன்பெல்லாம் ஒருவர் சுவரைத் தள்ளு என்பார், இன்னொருவர் அதே சுவரை இழு என்பார், நடுவில் நாங்கள் அழிரப்பரோடு உட்கார்ந்திருப்போம். இப்போது கோர்நெட் எக்ஸ் வந்து, ஒரே முப்பரிமாண வடிவத்தை எல்லா அமைப்பும் பார்த்து ஒருங்கிணைந்த பதில் கொடுக்கின்றன. எனக்குப் பின்னால் வந்த பிள்ளைகள் கொடுத்து வைத்தவர்கள்.

இந்தப் பட்டியலை எதற்கு நீட்டினேன் என்றால், கட்டலாமா கூடாதா என்பது முடிந்த பிறகும் முடியாத விஷயங்கள் இங்கே நிறைய. வாசல் எந்தப் பக்கம், குப்பை அறை எங்கே, சமையலறைப் புகைபோக்கி எதைப் பார்த்திருக்கும், சரக்கு லாரி எங்கே திரும்பும். வரைபடத்தில் இவை கடைசிவரை நகர்ந்துகொண்டே இருக்கும். நாங்களே பத்துமுறை நகர்த்துவோம்.

ஒரு சம்பவம். எந்த இடம், எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன். நாங்கள் வரைந்த ஒரு சமூகக் கட்டடத்துக்கு எதிராக மனு வந்தது, தடிமனான கட்டு. காரணங்கள் செல்வி எழுதியிருப்பதுதான், வீட்டு விலையில் ஆரம்பித்து. அது கோப்பில் போய்ப் படுத்துக்கொண்டது. அதே சமயம் ஒற்றைத் தாளில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் ஓய்வுபெற்ற ஆசிரியர் என்று பிறகு கேள்விப்பட்டேன். கையாலேயே படம் போட்டிருந்தார்: இங்கே பஸ் நிறுத்தம், காலை ஆறே முக்காலுக்குத் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் இங்கே நிற்கிறார்கள், உங்கள் குப்பை லாரி பின்னால் வந்து திரும்பும் இடமும் இதுவே. முதலாளி அந்தத் தாளை என் மேசையில் வைத்து, 'இவர் சொல்றது சரி, மாத்து' என்றார். சேவை வாசலை அடுத்த தெருப்பக்கம் கொண்டுபோனேன். அதற்காக ஒரு மாடிப்படியையும் இரண்டு அறைகளையும் புரட்டிப் போட வேண்டியிருந்தது. ஆசிரியர் அந்தக் கட்டடம் வேண்டும் என்றும் எழுதவில்லை, வேண்டாம் என்றும் எழுதவில்லை.

பத்திரிகையில் வந்த கதைகளும் அப்படித்தான். 2012ல் தோ யி டிரைவில் முதியோருக்கான சிறு வீடுகள் வேண்டாம் என்று குடியிருப்பாளர்கள் எதிர்த்தார்கள், கட்டினார்கள். 2015ல் ஃபெர்ன்வேலில் சீனக் கோயிலுக்கு விட்ட நிலத்தில் அஸ்தி மாடம் வருகிறது என்று கொந்தளித்தார்கள். அங்கே திருப்பம் எதில் வந்தது? ஏலத்தில் வென்றது லாப நோக்கமுள்ள நிறுவனம், கோயில் அமைப்பு இல்லை என்ற இடத்தில். அந்த நிறுவனத்தின் திட்டம் நடக்காது என்று அப்போதைய தேசிய வளர்ச்சி அமைச்சர் கோ பூன் வான் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். 2021ல் வீடு கட்டத் திட்டமிட்ட டோவர் காடு, 33 ஹெக்டர். இயற்கைச் சங்கத்தாரும் குடியிருப்பாளர்களும் 'காட்டைத் தொடாதே' என்று கோஷம் போட்டதோடு நிற்கவில்லை. எந்தப் பகுதியில் என்ன உயிரினம் இருக்கிறது என்று ஆதாரத்தோடு எழுதினார்கள். கிழக்குப் பாதியில் முதலில் வீடு கட்டுவது, மேற்குப் பாதியை இப்போதைக்கு விட்டுவைப்பது என்று முடிவானது.

செல்வி:

மணியம் ஐயா, நன்றி. வரைபடத்தைப் பார்த்தேன். 'சுகாதாரம், மருத்துவப் பராமரிப்பு' என்றுதான் போட்டிருக்கிறது. வீட்டுக்காரர் வீடு வாங்கியபோது கொடுத்த கையேட்டைத் தேடி எடுத்தார். அதிலும் அந்த இடத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது! சுற்றியுள்ள நிலப் பயன்பாடு மாறலாம் என்று பக்கத்திலேயே ஒரு வரி. அன்றைக்கு நாங்கள் சமையலறை அளவைத்தான் பார்த்தோம். இதைக் குழுவில் போட்டேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒருவர் தம்ஸ் அப் போட்டார், எதற்கு என்று தெரியவில்லை.

புவனா (தாதி):

நான் தாதிமை இல்லத்துல வேலை பாக்குறேன், உங்க குழுவுல ஓடுற பயத்தைப் பத்தி ரெண்டு வார்த்தை. ராத்திரியெல்லாம் சைரன் கேக்கும்னு சொல்றது சினிமா. யாருக்காவது ரொம்ப முடியாமப் போனாதான் ஆம்புலன்ஸ். மத்தபடி ஆஸ்பத்திரி அப்பாயின்ட்மென்ட்டுக்கு வேன்ல போய் வேன்ல வருவாங்க, சத்தமே இருக்காது. நிஜமான சத்தம் என்ன தெரியுமா? விடியக்காலை காய்கறி, பால் வண்டி. அப்புறம் துணி வண்டி. இரும்புத் தள்ளுவண்டிய மேடு பள்ளத்துல உருட்டுனா எதிர் புளோக்கே எழுந்துக்கும். எங்க இடத்துல சரக்கு இறக்குற மேடைய புளோக்கைப் பார்த்த மாதிரி கட்டிட்டாங்க, இன்னிக்கும் புகார்தான். ஐயா சொன்ன சேவை வாசல் விஷயத்தை விட்டுடாதீங்க அக்கா.

இன்னொண்ணு. தாதிமை இல்லம்னா படுக்கை மட்டும்தான்னு நினைக்காதீங்க. கீழ்த்தளத்துல முதியோர் பகல் பராமரிப்பு சேர்ந்தே இருக்கிற இடங்களும் உண்டு. அட்மிரல்ட்டியில கம்போங் அட்மிரல்ட்டி பாருங்க, 2018ல திறந்தது. ஒரே கட்டடத்துல மூத்தவங்களுக்கு 104 வீடு, மருத்துவ நிலையம், உணவங்காடி, பாலர் பள்ளி, முதியோர் நிலையம் எல்லாம். அதே வருஷம் உலகத்தின் சிறந்த கட்டடம்னு ஆம்ஸ்டர்டாம்ல விருது வாங்குச்சு. உங்க திடல்ல அவ்வளவு பெரிசா வராது. ஆனா பகல் பராமரிப்பு உண்டா, முன்னாடி புல்தரையில கொஞ்சம் விட்டுக் கொடுப்பாங்களான்னு கேளுங்க. உங்க மாமியாருக்கும் ஆச்சு. ஞாபக மறதி வந்தவங்களுக்கு வீட்டுக்கிட்டயே இருக்கிறது எவ்வளவு நல்லதுன்னு நான் தினமும் பாக்குறேன்.

யீஷூன் ராஜா:

சரிங்க, எனக்கு ஒரே சந்தேகம். எங்க புளோக்குல வீட்டு மேம்பாட்டுத் திட்டத்துக்கு ஓட்டுப் போட்டோம். 75 விழுக்காட்டு வீடுங்க சரின்னாதான் கழிவறையவே இடிப்பேன்னாங்க. பழைய கழிவறைக்கு ஓட்டு இருக்கு, எதிர்ல எட்டு மாடி வர்றதுக்கு ஓட்டு இல்லையா?

மணியம்:

நல்ல கேள்வி தம்பி. கழிவறை உன் வீட்டுக்குள் இருக்கிறது, செலவில் ஒரு பங்கு உன் பையிலிருந்து போகிறது, இடிக்கும் நாளில் பக்கத்துப் புளோக்கில் போய்க் குளிப்பதும் நீதான். அதனால் சிங்கப்பூர்க் குடிமக்கள் வீடுகளில் ஓட்டு வாங்குகிறார்கள். தாதிமை இல்லத்தில் படுக்கப் போகிறவர் இன்றைக்கு எந்த ஊரில், எந்தப் புளோக்கில் இருக்கிறாரோ. சுவா சூ காங்கில் ஓட்டு வைத்தால் அவருக்கு ஓட்டுச் சீட்டு யார் கொடுப்பார்கள்? எல்லா வட்டாரமும் முக்கால்வாசி ஓட்டில் வேண்டாம் என்று சொன்னால் கடைசியில் அந்த இல்லம் கடலில்தான் மிதக்க வேண்டும். ஓட்டு கூடாது என்பது என் கட்சி. முன்கூட்டியே சொல்ல வேண்டும், வடிவம் முடிவாகும் முன் கூட்டம் போட்டுப் படத்தைக் காட்ட வேண்டும் என்பதும் என் கட்சிதான். நீச்சல் குளமெல்லாம் சேர்ந்த 'நமது டெம்பனிஸ் ஹப்' கட்டடத்துக்கு 15,000க்கும் அதிகமான குடியிருப்பாளரிடம் கருத்துக் கேட்டார்கள். நீச்சல் குளத்துக்கு முடிகிறது என்றால் இதற்கும் முடியும்.

செல்வி:

ஐயா, மனுவைத் தமிழில் எழுத முடியாது என்று சொல்லிவிட்டேன். இரண்டு பேர் முகம் கொடுத்துப் பேசவில்லை, பரவாயில்லை. அதற்குப் பதிலாகக் கடிதம் ஒன்று எழுதுகிறேன். சேவை வாசல், குப்பை அறை, எங்கள் புளோக்கைப் பார்த்த சன்னல்களுக்கு மறைப்பு, பகல் பராமரிப்பு, ஓரத்தில் இருக்கும் பெரிய மரங்கள், எல்ஆர்டி வரை கூரையிட்ட நடைபாதை. நகர மன்றத்துக்கு அனுப்பினால் சரியா? ஞாயிற்றுக்கிழமையும் இடிச்சத்தம் கேட்டால் என்ன செய்வது?

மணியம்:

நகர மன்றம் உங்கள் புளோக்கின் பொது இடங்களைப் பார்த்துக்கொள்ளும் அமைப்பு. காலியாகக் கிடக்கும் அரசு நிலத்தில் அவர்களுக்குச் சொல் இல்லை. கூரையிட்ட நடைபாதையை மட்டும் அவர்களுக்குத் தனியாக எழுதுங்கள், அது உங்கள் புளோக் வாசலில் முடியும் என்பதால். மற்றதை நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்கு அனுப்பி, கட்டப்போகும் அமைப்பின் பெயர் திடலில் வைக்கும் பலகையில் வந்ததும் அவர்களுக்கும் ஒரு பிரதி. வாசல், லாரி பற்றிய பத்தியை நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் அனுப்புங்கள். தொகுதி நாடாளுமன்ற உறுப்பினரிடமும் கொடுங்கள், ராஜா சிரித்தாலும் பரவாயில்லை. அவர் கடிதம் இணைந்திருந்தால் கோப்பு மேசையில் கொஞ்சம் மேலே இருக்கும்.

எல்லாவற்றையும் ஒரே கடிதத்தில் கொட்டி 'குடியிருப்பாளர்களின் கவலைகள்' என்று தலைப்புப் போடாதீர்கள். ஒரு விஷயத்துக்கு ஒரு பத்தி, எந்த நேரம், எந்த இடம், என்ன நடக்கிறது என்று எழுதுங்கள். வரைபடத்தை அச்செடுத்துப் பேனாவால் குறியுங்கள். மரங்களைப் படம் எடுத்து வையுங்கள். பஸ் நிறுத்தத்தில் காலையில் பிள்ளைகள் நிற்பதையும் எடுங்கள், முகம் தெரியாமல். வீட்டு விலை பற்றி ஒரு வரிகூட வேண்டாம். படிப்பவர் அந்த வரியைப் பார்த்ததும் மற்ற பத்திகளையும் அதே கண்ணால்தான் பார்ப்பார்.

ஞாயிற்றுக்கிழமைக்குச் சட்டமே இருக்கிறது. குடியிருப்பிலிருந்து 150 மீட்டருக்குள் இருக்கும் கட்டுமானத் தளத்தில் சனிக்கிழமை இரவு பத்து மணி முதல் திங்கள் காலை ஏழு வரை வேலை நடக்கக் கூடாது. பொது விடுமுறைக்கும் அப்படியே. மீறினால் தேசிய சுற்றுப்புற வாரியத்துக்கு அழையுங்கள், நேரத்தைக் குறித்து வைத்துக்கொண்டு.

கடிதத்தை அனுப்பும் முன் பெயரையும் வீட்டு எண்ணையும் எடுத்துவிட்டு இங்கே போடுங்கள். புவனாவும் ஒரு பார்வை பார்க்கட்டும். துணி வண்டி எனக்குத் தோன்றவே இல்லை.